பழைய பெட்ரோல் அம்பாசிடரை வீட்டுலயே பாத்துக்கறது எப்படி

போர்ட்டிகோல ஒரு பெட்ரோல் அம்பாசிடர் நிக்குது, அப்பா காலத்துலயோ தாத்தா காலத்துலயோ வாங்கினது, விக்க மனசு வரல, ஆனா அந்த வண்டியை கண்ண மூடிட்டு பிரிச்சு மாட்டத் தெரிஞ்ச மெக்கானிக்குங்க ஒவ்வொருத்தரா வேலைய விட்டுட்டாங்க. இப்ப இருக்கற பசங்க ஸ்கேனர் மாட்டி கோளாறு கண்டுபிடிக்கறதுல கெட்டிக்காரங்க, ஆனா பாயிண்ட் கேப் (ஸ்பார்க் வர வைக்க திறந்து மூடற முனைகளோட இடைவெளி) வைக்கறத அவங்க பாத்ததே இல்ல, அது அவங்க தப்பும் இல்ல. இந்த நிலைமைல இருக்கறவங்களுக்காகத்தான் இதை எழுதறேன். கை கொஞ்சம் அழுக்காகறதுக்கு தயாரா இருந்தா இந்த வண்டியோட முக்கால்வாசி வேலைய நீங்களே செஞ்சுக்கலாம், நிஜமாவே.

நான் சொல்லப்போறது 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் உள்ள வண்டிக்கு, அதாவது பிஎம்சி பி சீரிஸ் இன்ஜின். அம்பாசிடர் இங்கிலாந்தோட மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் சீரிஸ் 3 வண்டிய அடிப்படையா வச்சு வந்தது, மேற்கு வங்காளத்துல உத்தர்பாரா ஃபேக்டரில 2014 மே வரைக்கும் செஞ்சாங்க. டீசல் வண்டிக்கும், பின்னாடி வந்த 1800 இசுசு இன்ஜின் வண்டிக்கும் பிரேக், கிரீஸ், பாடி பத்தி சொல்றது பெரும்பாலும் பொருந்தும், இன்ஜின் வேலை பொருந்தாது.

முதல்ல ஒரு விஷயம், இத மட்டும் மனசுல வச்சுக்கிட்டாகூட போதும். வண்டி மக்கர் பண்ணுது, இழுக்கல, ஸ்லோல (ஆக்சிலரேட்டர் மிதிக்காதப்ப) நிக்கல, பெட்ரோல் குடிக்குதுன்னா எல்லாரும் நேரா கார்புரேட்டர்லதான் ஸ்க்ரூடிரைவர வைக்கறாங்க. வைக்காதீங்க. டாப்பெட் (வால்வுக்கும் அத அமுக்கற ராக்கருக்கும் நடுவுல உள்ள இடைவெளி), அப்புறம் பிளக், அப்புறம் பாயிண்ட், அப்புறம் டைமிங் (ஸ்பார்க் எந்த நொடில வரணும்ங்கறது), இதெல்லாம் முடிச்சு கடைசியாத்தான் கார்புரேட்டர். ஏன்னா இதுல ஒவ்வொண்ணும் அதுக்கு முன்னாடி உள்ளத நம்பி இருக்கு. பாயிண்ட் கேப் மாறினா டைமிங் தானா மாறும், டைமிங் தப்பா இருந்தா கார்புரேட்டர எப்படி திருப்பினாலும் ஸ்லோ சரியா வராது, வால்வு முழுசா மூடாம இருந்தா மேல சொன்ன எதுவுமே பிரயோஜனம் இல்ல. கார்புரேட்டர் கெட்டுப்போச்சுன்னு தூக்கிப்போட்டு வேற வாங்கி மாட்டின பல வண்டில கடைசில பாத்தா கோளாறு கண்டன்சர்லயோ (பாயிண்ட் கருகாம பாத்துக்கற சின்ன உருளை) பாயிண்ட்லயோதான் இருந்திருக்கும்.

சாமான் என்னென்ன வேணும்

ஸ்பேனர் வாங்கும்போது கவனம். இந்த இன்ஜின்ல நட்டு போல்ட்டு எல்லாம் இன்ச் கணக்கு. வீட்ல பைக்குக்கு வச்சிருக்கற மில்லிமீட்டர் செட்ட போட்டு திருகினா தலை உருண்டு போயிடும். அரை இன்ச்னா 12.7 மி.மீ., 13 ஸ்பேனர் ஏறத்தாழ உக்காரும், அதனாலதான் எல்லாரும் அதைப் போடறாங்க, துருப்பிடிச்ச நட்டுல அந்த சின்ன லூஸே போதும் மூலைய வழிச்சு விட. 7/16, 1/2, 9/16, 5/8 இந்த சைஸ்ல ரிங் ஸ்பேனரும் பாக்ஸ் ஸ்பேனரும் நல்ல கம்பெனில வாங்கிடுங்க. அப்புறம் இடைவெளி அளக்கற மெல்லிசு தகடு செட், அதாவது ஃபீலர் கேஜ், அதுலயும் இன்ச் அளவு போட்டது. ஒரு 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப், கிரீஸ் கன், மல்டிமீட்டர், கம்ப்ரஷன் கேஜ், பிளக் ஸ்பேனர், பனியன் வேஸ்ட் ஒரு கிலோ.

ஜாக்கி பத்தி கண்டிப்பா சொல்லணும். ஜாக்கிய மட்டும் நம்பி எக்காரணம் கொண்டும் வண்டிக்கு அடியில போகாதீங்க. ரெண்டு ஆக்சில் ஸ்டாண்டு வாங்குங்க, செங்கல் அடுக்கறது, ஹாலோ பிளாக் வைக்கறது எதுவும் வேணாம், அது பாரத்துல சட்டுனு நொறுங்கும். பெட்ரோல் லைன்ல கை வைக்கறதுக்கு முன்னாடி பேட்டரி ஒயர கழட்டிடுங்க, பக்கத்துல பூஜை விளக்கு, கேஸ் அடுப்பு எரியுதான்னு பாத்துக்கோங்க. நம்ம வீட்ல போர்ட்டிகோவும் சமையல்கட்டு ஜன்னலும் ஒண்ணையொட்டி இருக்கற அமைப்பு நிறைய, அதான் சொல்றேன்.

ரொம்ப நாளா நின்ன வண்டின்னா

ஓடற நிலைமைல இல்லாத வண்டிய உடனே ஸ்டார்ட் பண்ணிப் பாக்கணும்னு கை துடிக்கும். பொறுங்க. பிளக் நாலையும் கழட்டி ஒவ்வொரு ஓட்டைலயும் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு ஒரு ராத்திரி ஊற விடுங்க. மறுநாள் முன்னாடி பம்பர் வழியா ஹேண்டில் போட்டு கையால மெதுவா சுத்துங்க, சுத்துதா, எங்கயாவது இடிக்குதான்னு கைக்கே தெரியும். ஹேண்டில் இல்லாத வண்டின்னா டாப் கியர்ல போட்டு சமதளத்துல மெதுவா தள்ளுங்க. சுத்தல்னா பலவந்தம் பண்ணாதீங்க, இன்னும் ஆயில் விட்டு இன்னும் சில நாள் விடுங்க. டேங்க்ல இருக்கற பழைய பெட்ரோல் மொத்தமும் வெளிய எடுத்துடணும், அது வார்னிஷ் மாதிரி ஆகி ஜெட்ட அடைச்சிடும். இன்ஜின் ஆயில மாத்தணும். எலி கடிச்ச ஒயர் இருக்கான்னு டேஷ்போர்டு அடியிலயும் ஃபயர்வால் ஓரத்துலயும் டார்ச் அடிச்சு பாக்கணும், இது நம்ம ஊர்ல ரொம்ப சகஜம், ஷார்ட் ஆகி ஒயரிங் முழுக்க எரிஞ்சா வண்டியே போயிடும்.

ஆனா இதெல்லாத்துக்கும் முன்னாடி பிரேக். ஓடற வண்டிய விட நிக்கற வண்டி முக்கியம். நாலு சக்கரத்துலயும் டிரம் பிரேக், ஒவ்வொரு டிரம்மா கழட்டி வீல் சிலிண்டர் ரப்பர் பூட்ட லேசா தூக்கிப் பாருங்க, உள்ள ஈரம் இருந்தா கசியுதுன்னு அர்த்தம். வருஷக்கணக்கா நின்ன வண்டின்னா கசிவு இல்லைனாலும் ரப்பர் கிட் மாத்திடறதுதான் நல்லது, சிலிண்டர் உள்பக்கம் விரல் நுழைச்சு தடவிப் பாருங்க, குழி குழியா இருந்தா கிட் போட்டு பிரயோஜனம் இல்ல, சிலிண்டரையே மாத்தணும், உப்புத்தாள் போட்டு தேச்சு ஒப்பேத்தற வேலை பிரேக்ல கூடாது. பழைய லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு இருக்கு, அதனால டிரம்முக்குள்ள இருக்கற தூசிய வாயால ஊதறதோ காத்து அடிக்கறதோ வேணாம், தண்ணி தெளிச்சு ஈரத்துணியால துடைச்சு அந்தத் துணிய கவர்ல கட்டி போட்டுடுங்க.

பிரேக் ஆயில் ஈரத்த இழுக்கற குணம் உள்ளது, அதனால ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவை முழுசா மாத்திடுங்க, பழுப்பா கலங்கலா வந்தா காத்திருக்கவே வேணாம். ஏர் எடுக்கும்போது, அதாவது பிரேக் லைன்ல நிக்கற காத்த வெளியேத்தும்போது, மாஸ்டர் சிலிண்டர்ல (பெடல் அழுத்தினா பிரேக் ஆயில தள்ளறது) இருந்து தூரமா இருக்கற சக்கரத்துல ஆரம்பிச்சு கிட்டக்க வாங்க, ஒருத்தர் உள்ள உக்காந்து பெடல மெதுவா அழுத்தணும், நீங்க அந்த சக்கரத்துல இருக்கற நிப்பிள திறந்து மூடணும், அவர் கால எடுக்கறதுக்கு முன்னாடி நிப்பிள் மூடியிருக்கணும், இது ஒண்ணுதான் சூட்சுமம். டப்பால ஆயில் குறைய விடாதீங்க, திரும்ப காத்து ஏறிடும். பிரேக் ஷூ அட்ஜஸ்ட் பண்றப்ப சக்கரத்த தூக்கி கையால சுத்திக்கிட்டே அட்ஜஸ்டர இறுக்குங்க, சக்கரம் பிடிச்ச உடனே கொஞ்சம் கொஞ்சமா லூஸ் பண்ணி சக்கரம் ஃப்ரீயா சுத்தற இடத்துல விடுங்க. நாலும் ஒரே மாதிரி இருக்கணும், இல்லைனா பிரேக் அடிச்சா வண்டி ஒரு பக்கமா இழுக்கும்.

ட்யூனிங், டாப்பெட்ல இருந்து

இதுதான் இந்த வண்டில எனக்கு ரொம்ப பிடிச்ச வேலை, ஒரு ஞாயித்துக்கிழமை காலைல உக்காந்தா சாப்பாட்டு நேரத்துக்குள்ள முடிஞ்சிடும், முடிச்சதும் வித்தியாசம் காதுலயே கேக்கும்.

ராக்கர் கவர் ரெண்டு நட்டுலதான் நிக்குது. கழட்டினா எட்டு வால்வும் வரிசையா தெரியும். ரேடியேட்டர் பக்கத்துல இருந்து 1, 2, 3ன்னு 8 வரைக்கும் எண்ணிக்கோங்க. இதுல 1, 4, 5, 8 எக்ஸாஸ்ட், 2, 3, 6, 7 இன்லெட். கேப் ரெண்டுக்கும் ஒண்ணுதான், இன்ஜின் சூடா இருக்கும்போது 15 தவ், அதாவது 0.015 இன்ச், மில்லிமீட்டர்ல 0.38. எந்த வால்வ எப்ப அட்ஜஸ்ட் பண்றதுங்கறதுக்கு கூட்டல் ஒன்பது கணக்கு இருக்கு. 8-வது வால்வு முழுசா கீழ அமுங்கி இருக்கும்போது 1-ஐ அட்ஜஸ்ட் பண்ணணும், கூட்டினா ஒன்பது. 6 அமுங்கி இருந்தா 3, 4 அமுங்கி இருந்தா 5, 7 அமுங்கி இருந்தா 2, அப்படியே மறுபக்கமும் 1 அமுங்கும்போது 8, 3 அமுங்கும்போது 6, 5 அமுங்கும்போது 4, 2 அமுங்கும்போது 7. எந்த மார்க்கும் தேட வேணாம், ஹேண்டில சுத்திக்கிட்டே போனா எட்டும் முடிஞ்சிடும். பிளக் நாலையும் கழட்டி வச்சிட்டு சுத்துங்க, கம்ப்ரஷன் இல்லாம கைக்கு லேசா இருக்கும்.

லாக் நட்ட ரிங் ஸ்பேனரால லூஸ் பண்ணி, ஸ்க்ரூடிரைவரால ஸ்க்ரூவ திருப்பி, ஃபீலர் தகட்ட உள்ள விட்டு இழுங்க. லேசா பிடிச்சு வழுக்கி வரணும், அப்பளத்த எண்ணெய்ல இருந்து எடுக்கறப்ப ஜல்லிக்கரண்டில பட்டும் படாம நிக்குமே அந்த அளவு பிடிதான். நட்ட இறுக்கும்போது ஸ்க்ரூவும் கூட சேந்து திரும்பும், அதனால இறுக்கின அப்புறம் மறுபடியும் ஒருதடவை தகட்ட விட்டு பாக்காம அடுத்ததுக்கு போகாதீங்க.

டாப்பெட் சத்தம் கேக்குதேன்னு நிறைய பேர் கேப்ப குறைச்சு வச்சிடறாங்க, இது ரொம்ப தப்பு. லேசா சத்தம் வர டாப்பெட் வால்வ ஒண்ணும் பண்ணாது, சத்தமே இல்லாத டாப்பெட்தான் வால்வ எரிக்கும். அதுலயும் இந்த இன்ஜின்ல இன்னொரு காரணம் இருக்கு. நம்ம நாட்டுல 2000-ல ஈயம் கலந்த பெட்ரோல நிறுத்தினாங்க, நல்ல காரியம்தான், ஆனா இந்த ஹெட்ல வால்வு சீட்டு தனியா கெட்டியான வளையமா வைக்கல, வார்ப்பிரும்புலயே வெட்டினது, ஈயம்தான் அந்த சீட்டுக்கு ஒரு படலமா நின்னு காப்பாத்திட்டு இருந்தது. ஈயம் இல்லாததால எக்ஸாஸ்ட் சீட்டு மெல்ல தேஞ்சு வால்வு ஹெட்டுக்குள்ள ஏறும், ஏற ஏற கேப் தானா குறையும். அதனால எக்ஸாஸ்ட் நாலுலயும் கேப் என்ன இருந்துச்சுன்னு ஒவ்வொரு தடவையும் ஒரு நோட்டுல எழுதி வைங்க. ஒரே வால்வு திரும்பத் திரும்ப இறுகிட்டே வந்தா ஹெட்ட கழட்டி லேத்ல குடுத்து கெட்டி சீட்டு போட்டுடணும், அது வீட்ல செய்யற வேலை இல்ல. மெதுவா ஓட்டற வண்டிக்கு தேய்மானம் மெதுவாத்தான் நடக்கும், பயந்து உடனே ஹெட்ட இறக்க வேண்டியது இல்ல.

பிளக் கழட்டினது கழட்டினபடியே இருக்கே, அதோட நிறத்த பாத்துடுங்க. பிஸ்கட் கலர்னா எல்லாம் சரி. கரி மாதிரி கறுப்பா உலர்ந்து இருந்தா பெட்ரோல் அதிகம், இல்லைனா சோக் முழுசா திரும்பல. ஆயில் பிசுக்கோட கறுப்புன்னா ரிங்கு இல்ல வால்வு கைடு தேஞ்சிருக்கு. வெள்ளையா வெந்து போயிருந்தா பெட்ரோல் பத்தல, இல்லைனா எங்கயோ காத்து இழுக்குது. கேப் 0.025 இன்ச்.

பிளக் கழண்டு இருக்கற இதே நேரத்துல கம்ப்ரஷனும் பாத்துடலாம், ஆக்சிலரேட்டர முழுசா மிதிச்சுக்கிட்டு செல்ஃப் அடிச்சு நாலு சிலிண்டரோட ரீடிங்கையும் எழுதுங்க. நம்பர் எவ்வளவுங்கறத விட நாலும் ஒண்ணுக்கொண்ணு நெருக்கமா இருக்கறதுதான் முக்கியம். ஒண்ணு மட்டும் குறைஞ்சா அதுல ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்க, ஏறினா ரிங்கு, ஏறலைனா வால்வு. பக்கத்து பக்கத்துல ரெண்டு சிலிண்டர் சேந்து குறைஞ்சா நடுவுல ஹெட் கேஸ்கட் போயிருக்கும்.

அடுத்து பாயிண்ட். டிஸ்ட்ரிபியூட்டரோட (ஸ்பார்க்க நாலு பிளக்குக்கும் பிரிச்சு அனுப்பறது) மூடிய எடுத்து உள்ள மயிரிழை மாதிரி விரிசல், கறுப்பு கோடு இருக்கான்னு வெளிச்சத்துல பாருங்க, இருந்தா மாத்துங்க. பாயிண்ட் முகம் சாம்பல் நிறமா சமமா இருந்தா நல்லது. ஒரு பக்கம் மேடு ஒரு பக்கம் பள்ளமா இருந்தா தேச்சு ஓட்டறதுக்கு பதிலா புதுசு போடுங்க, சின்ன காசுதான், ஆனா இவ்வளவு மோசமா எரியுதுன்னா கண்டன்சரும் போயிருக்க வாய்ப்பு அதிகம், அதனால ரெண்டையும் சேத்து மாத்துங்க. இன்ஜின சுத்தி பாயிண்ட்டோட ஃபைபர் குதிகால் கேம் மூலைல நின்னு பாயிண்ட் முழுசா திறந்திருக்கும்போது கேப் 14-ல இருந்து 16 தவ், அதாவது டாப்பெட்டுக்கு எடுத்த அதே 15 தவ் தகடுதான், வேற தேட வேணாம். கேம் மேல கிரீஸ் துளியூண்டு தடவுங்க, அதிகமானா தெறிச்சு பாயிண்ட்ல பட்டு ஸ்பார்க் வராம பண்ணிடும்.

டைமிங் வைக்க டெஸ்ட் லேம்ப் போதும். ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2, ரோட்டர் இடஞ்சுழியா சுத்தும், ஒயர் மாட்டும்போது இத மறந்தா பின்னாடி கார்புரேட்டர் வழியா வெடிக்கும். முதல் சிலிண்டர் கம்ப்ரஷன்ல ஏறும்போது கிராங்க் புல்லில இருக்கற வெட்டு, கீழ டைமிங் கவர்ல இருக்கற முள்ளுக்கு நேரா வர்ற மாதிரி நிறுத்துங்க. நீளமான முள் டி.டி.சி. (பிஸ்டன் உச்சில நிக்கற இடம்), உங்க வண்டி மேனுவல்ல எத்தனை டிகிரி முன்னாடி போட்டிருக்கோ அங்க நிறுத்தணும். லேம்போட ஒரு முனைய டிஸ்ட்ரிபியூட்டர் டெர்மினல்ல, இன்னொண்ண பாடில மாட்டி இக்னிஷன் ஆன் பண்ணுங்க. கிளாம்ப லூஸ் பண்ணி டிஸ்ட்ரிபியூட்டர மெதுவா திருப்பினா ஒரு இடத்துல லேம்ப் சட்டுனு எரியும், அதுதான் பாயிண்ட் திறக்கற நொடி, அங்கேயே கிளாம்ப இறுக்குங்க. இக்னிஷன ஆன்லயே விட்டுட்டு டீ குடிக்க போயிடாதீங்க, காயில் சூடாகி போயிடும். அப்புறம் ரோட்ல எடுத்துட்டு போய் டாப் கியர்ல மெதுவா போயிட்டு இருக்கும்போது ஒரு மேட்டுல ஆக்சிலரேட்டர அழுத்துங்க. கிணுகிணுன்னு இன்ஜின் அடிச்சா டைமிங் அட்வான்ஸ் ஜாஸ்தி, டிஸ்ட்ரிபியூட்டர இடஞ்சுழியா ஒரு நூல் அளவு திருப்பி குறைங்க. அடிக்கவும் இல்ல இழுவையும் இல்லைனா வலஞ்சுழியா ஒரு நூல்.

இப்பதான் கார்புரேட்டர். இன்ஜின் நல்லா சூடானதும் ஸ்லோ ஸ்க்ரூவால ஸ்லோவ கொஞ்சம் ஏத்தி வச்சுக்கிட்டு மிக்சர் ஸ்க்ரூவ மெதுவா உள்ள வெளிய திருப்பி, எந்த இடத்துல இன்ஜின் வேகமா சீரா ஓடுதோ அங்க விடுங்க, அப்புறம் ஸ்லோவ இறக்குங்க, ஸ்லோ தடுமாறினா மறுபடி மிக்சர கால் சுத்து. அவ்வளவுதான் வேலை. ஜெட் அடைச்சிருந்தா கழட்டி காத்து அடிச்சுதான் சுத்தம் பண்ணணும், ஊசியோ கம்பியோ விடாதீங்க, ஓட்டை பெருசாச்சுன்னா அப்புறம் எவ்வளவு பெட்ரோல் ஊத்தினாலும் பத்தாது. கார்புரேட்டர் அடியில பேக்கிங் வழியா காத்து இழுக்குதான்னும் பாருங்க, ஓரத்துல கொஞ்சம் சோப்புத்தண்ணி விட்டா ஓட்டம் மாறும்.

பெட்ரோல்

இப்ப பங்க்ல கிடைக்கற பெட்ரோல்ல 20 சதவீதம் வரைக்கும் எத்தனால் இருக்கு. இந்த வண்டி செஞ்ச காலத்துல யாரும் அத யோசிக்கல. எத்தனால் பழைய ரப்பர ஊற வச்சு பிசுபிசுன்னு ஆக்கிடும், காத்துல இருக்கற ஈரத்த இழுத்து டேங்க் அடியில தண்ணியா நிக்கும், டேங்க் துருப்பிடிக்கும். அதனால பெட்ரோல் ஹோஸ் எல்லாத்தையும் எத்தனால் தாங்கற வகையா மாத்திடுங்க, இத தள்ளிப்போடாதீங்க, ஏன்னா பழைய ஹோஸ் வெடிச்சு சூடான எக்ஸாஸ்ட் மேல பெட்ரோல் சொட்டினா தீதான். பெட்ரோல் பம்ப்புக்குள்ள இருக்கற சவ்வு, அதாவது டயஃப்ரமும் அதே மாதிரி புதுசு. ரொம்ப நாள் வண்டிய எடுக்கப்போறது இல்லைனா கார்புரேட்டர்ல இருக்கறது தீர்ற வரைக்கும் ஓட விட்டு நிறுத்துங்க. எத்தனால் கலந்ததுல மிக்சர் கொஞ்சம் லீன் ஆகும் (காத்துக்கு ஏத்த பெட்ரோல் பத்தாது), பிளக் வெளுத்துட்டே வந்தா மெயின் ஜெட் ஒரு சைஸ் பெருசு போட வேண்டி வரலாம்.

பெட்ரோல் வருதான்னு பாக்க கார்புரேட்டர் முனைல பைப்ப கழட்டி பாட்டில்ல விட்டு செல்ஃப் அடிங்க, விட்டு விட்டு பீச்சணும். பம்ப் கீழ கையால அடிக்கற லிவர் இருக்கற வண்டின்னா இன்னும் சுலபம். ஆயில் டிப்ஸ்டிக்க எடுத்து மோந்து பாக்கற பழக்கம் வச்சுக்கோங்க, ஆயில் மட்டம் ஏறி பெட்ரோல் வாசனை அடிச்சா டயஃப்ரம் கிழிஞ்சு பெட்ரோல் சம்ப்புக்குள்ள (இன்ஜின் அடியில ஆயில் நிக்கற தொட்டி) போகுது, அந்த வண்டிய ஸ்டார்ட் பண்ணவே கூடாது, டயஃப்ரம், ஆயில் ரெண்டும் மாத்தின அப்புறம்தான். சித்திரை வைகாசி வெயில்ல டிராஃபிக்ல நின்னு நின்னு போனா பம்ப்புலயே பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்னுடும், பம்ப் மேல ஈரத்துணி போட்டு கொஞ்ச நேரம் விட்டா திரும்ப எடுக்கும். பெட்ரோல் பைப் எக்ஸாஸ்ட்ட ஒட்டிப் போகாம தள்ளிக் கட்டினா பாதி பிரச்சனை வராது. ஆனா சூட்டுல நிக்கற வண்டி எல்லாமே பெட்ரோல் பிரச்சனை இல்ல, சூடானதும் வேலை செய்யாம போற கண்டன்சரும் காயிலும் இதே மாதிரிதான் நிப்பாட்டும், அதனால நின்ன இடத்துலயே முதல்ல ஸ்பார்க் வருதான்னு பாத்துட்டு அப்புறம் பெட்ரோல பாருங்க.

சூடு, ஆயில், கிரீஸ்

சூடேற பெரும்பாலும் காரணம் நம்ம போர் தண்ணி. உப்புத்தண்ணிய ரேடியேட்டர்ல ஊத்தி ஊத்தி உள்ள சுண்ணாம்பு படிஞ்சு, பிளாக்குக்குள்ள சேறா நிக்கும். ரேடியேட்டர மட்டும் கழுவினா பத்தாது, பிளாக் பக்கத்துல இருக்கற டிரெயின் டேப்ப திறங்க, ஒண்ணும் வரலைனா அடைச்சிருக்கு, கம்பிய விட்டு குத்தி விடுங்க, வர்ற சேற பாத்தா உங்களுக்கே புரியும். சுத்தமான தண்ணி வர வரைக்கும் கழுவிட்டு டிஸ்டில்டு வாட்டரும் கூலண்டும் கலந்து ஊத்துங்க. தெர்மோஸ்டாட்ட கழட்டி எறியறது நம்ம ஊர்ல பல வருஷ பழக்கம், எனக்கு அதுல உடன்பாடு இல்ல, இன்ஜின் சரியான சூட்டுக்கு வராமலே ஓடினா சிலிண்டர் சீக்கிரம் தேயும். நல்ல தெர்மோஸ்டாட் போடுங்க, சந்தேகம்னா வெந்நீர் பாத்திரத்துல போட்டு திறக்குதான்னு பாத்துட்டு மாட்டுங்க. சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடிய திறக்காதீங்க, முகத்துல அடிக்கும்.

இன்ஜின் ஆயில் 20டபிள்யூ-50, சம்ப்புக்கு ஃபில்டரோட சேத்து 4 லிட்டருக்கு கொஞ்சம் மேல பிடிக்கும். புது கார்களுக்கான தண்ணி மாதிரி சிந்தடிக் ஆயில் இதுக்கு வேணாம். கிராங்க் பின்பக்கம் இந்த இன்ஜின்ல ரப்பர் சீல் கிடையாது, மரை மாதிரி வெட்டின வழி ஆயில உள்ள தள்ளுது, மெல்லிசு ஆயில் அது வழியா ஒழுகும். சொட்டு சொட்டா கொஞ்சம் விழறது இந்த வண்டிக்கு இயல்பு, தரைல குளம் கட்டினாதான் கவலைப்படணும்.

முன்னாடி சஸ்பென்ஷன் டார்ஷன் பார், அதுக்கு பெருசா வேலை இல்ல, ஆனா கிங்பின், ஸ்டியரிங் ஜாயிண்ட், பின்னாடி போற ஷாஃப்ட் ஜாயிண்ட் எல்லாத்துக்கும் நிப்பிள் இருக்கு. சக்கரத்த தூக்கி வச்சிட்டு கிரீஸ் அடிங்க, பாரம் இல்லாம இருந்தாதான் எல்லா பக்கமும் போகும், பழைய கறுப்பு கிரீஸ் வெளிய வந்து புதுசு தெரியற வரைக்கும் அடிக்கணும். நிப்பிள துடைக்காம கன்ன வச்சா மண்ணையும் சேத்து உள்ள தள்ளுவீங்க. 1,500 கிலோமீட்டருக்கு ஒருதடவை, மழைல ஓட்டினா அதுக்கு முன்னாடியே. ஸ்டியரிங் ஆட்டம் இருக்குன்னு சொல்ற பல வண்டில கிங்பின்னுக்கு வருஷக்கணக்கா கிரீஸே போயிருக்காது.

கரண்ட், பாடி

டைனமோ இருக்கற ரொம்ப பழைய வண்டில பாசிட்டிவ் எர்த் (பேட்டரியோட பிளஸ் முனைய பாடில மாட்டறது) இருக்கலாம், பேட்டரி மாட்டறதுக்கு முன்னாடி எந்த முனை பாடில போயிருக்குன்னு பாருங்க, பழக்கதோஷத்துல மாத்தி கொடுத்தா ஆல்டர்னேட்டர் போட்ட வண்டில டயோடு உடனே போயிடும். லைட் மங்கலா எரியுது, ஹாரன் கம்முதுன்னா பத்துக்கு எட்டு எர்த் பிரச்சனைதான். இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவுல போற பட்டை ஒயர கழட்டி ரெண்டு பக்கமும் உப்புத்தாள் போட்டு தேச்சு மாட்டிப் பாருங்க, செல்ஃபே வேகமா சுத்தும். ஃப்யூஸ் போச்சுன்னு வெறும் ஒயர சுத்தி விடாதீங்க.

பாடி தகடு தடிமன், ஆனா உள்ள நிக்கற தண்ணிக்கு அது தாங்காது. கடலோர ஊர்கள்ல இருக்கறவங்க மழைக்காலம் முடிஞ்சதும் கால்மிதி கார்பெட்ட கழட்டி வெயில்ல போட்டு தரைத் தகட்ட தட்டிப் பாருங்க. கதவு அடியில தண்ணி போற ஓட்டை இருக்கு, மண்ணு அடைச்சிருந்தா குச்சியால குத்தி விடுங்க. விண்ட்ஷீல்டு பீடிங் காஞ்சு வெடிச்சா தண்ணி உள்ளயே இறங்கும். துரு சின்னதா இருக்கும்போது கம்பி பிரஷ்ல சுரண்டி ரெட் ஆக்சைடு பிரைமர் அடிச்சிடுங்க. ஓட்டை விழுந்த இடத்துல பட்டி பூசி மூடற டிங்கரிங் வேலைக்கு சம்மதிக்காதீங்க, உள்ள துரு ஓடிட்டேதான் இருக்கும், அந்த இடத்த வெட்டி புது தகடு வெல்டு வைக்கறதுதான் சரி. கார் கவர் போடறவங்க ஈரமான வண்டி மேல போடாதீங்க, பிளாஸ்டிக் கவர் வேணவே வேணாம்.

வாரத்துக்கு ஒருதடவை ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் நிக்க வச்சு அணைக்கறதால நன்மைய விட கெடுதல் அதிகம், சைலன்சர்லயும் ஆயில்லயும் தண்ணி சேந்துட்டே இருக்கும். ரெண்டு வாரத்துக்கு ஒருதடவை எடுத்தாலும் பத்து பதினஞ்சு கிலோமீட்டர் நல்லா சூடாகற மாதிரி ஓட்டிட்டு வாங்க.

ஸ்பேர்

சென்னைல புதுப்பேட்டையும் ஜி.பி. ரோடும் இன்னும் கைவிடல, கொல்கத்தா மல்லிக் பஜார்ல கிடைக்காத அம்பாசிடர் சாமான் குறைவு. போகும்போது பழைய பார்ட்ட கையோட எடுத்துட்டு போங்க, மாடல் மாடலுக்கு சின்ன சின்ன வித்தியாசம் இருக்கு, வாயால சொன்னா வேற ஏதாவது கட்டி குடுத்துடுவாங்க. பிரேக் ரப்பர், பாயிண்ட், கண்டன்சர், ரோட்டர் இதுல டூப்ளிகேட் நிறைய புழங்குது, பழைய ஸ்டாக் கண்டன்சர் ஒரிஜினலா கிடைச்சா ரெண்டா வாங்கி வைங்க. ஆனா பழைய ஸ்டாக்னு சொல்லி ரப்பர் சாமான் குடுத்தா வாங்காதீங்க, டப்பாக்குள்ள இருந்தே அது காஞ்சிருக்கும். நல்லா வேலை செஞ்சுட்டு இருந்த பழைய பார்ட்ட புதுசு போட்ட உடனே தூக்கி எறியாதீங்க, புதுசு கொஞ்ச தூரம் ஓடி நிலைச்ச அப்புறம் எறியலாம்.

வெளியூர் போகும்போது டிக்கில ஒரு துணிப்பைல பாயிண்ட் செட், கண்டன்சர், ரோட்டர், ரெண்டு பிளக், ஃபேன் பெல்ட், ஒரு மீட்டர் பெட்ரோல் ஹோஸ் கிளிப்போட, ஃப்யூஸ், டெஸ்ட் லேம்ப், 15 தவ் தகடு, இன்ச் ஸ்பேனர், அஞ்சு லிட்டர் தண்ணி, ஒரு லிட்டர் ஆயில், ஹேண்டில் இதெல்லாம் போட்டு வச்சிடுங்க. ராத்திரி நெடுஞ்சாலைல நின்னா முதல்ல வண்டிய ரோட்ட விட்டு இறக்கி பின்னாடி ரிஃப்ளெக்டர் முக்கோணம் வைங்க, அப்புறம் பானெட்ட திறங்க.